பின்னால் போனவர் திரும்பி வந்தாரா: ஓர் ஆழ்கடல் விசைப்படகில் கேமரா அமைத்த நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி மாதம், பின்னிரவு. தேங்காப்பட்டணம் ஆழ்கடல் விசைப்படகு ஒன்று அரபிக்கடலில் கடைசி வலையை எடுத்துவிட்டுக் கரை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரும்புப் படகு, 70 அடி நீளம், 12 பேர். அதிகாலை 4.10-க்கு அடுத்த காவலுக்கு ஒருவரை எழுப்பப் போனார்கள். படுத்த இடத்தில் அவர் இல்லை. ஐஸ் ரூம், என்ஜின் ரூம், அணியம் (படகின் முன்முனை), அமரம் (பின்முனை) எங்கும் இல்லை.

அந்தப் படகில் நான்கு கேமராக்கள் இருந்தன. ஒன்று அமரத்தைப் பார்த்தபடியே இருந்தது. அவர் விழுந்ததும் அதில் பதிவாகியிருந்தது. அப்படியிருந்தும் எந்த இடத்தில் விழுந்தார் என்று படகில் யாராலும் சொல்ல முடியவில்லை. காலை 8.50-க்கு, வயர்லெஸில் தகவல் கேட்டுத் தேடிவந்த வேறொரு படகுதான் அவரை உயிரோடு தூக்கியது. ஏழரை மணி நேரம் தண்ணீரில் கிடந்திருக்கிறார். கடல் அன்று அமைதியாக இருந்தது, தண்ணீரில் சூடும் இருந்தது. அவை இரண்டும்தான் அவரைக் காப்பாற்றின. கேமராவுக்கு அதில் பங்கில்லை.

நான் இந்தத் துறைமுகத்தில் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ (கடலின் ஆழம் காட்டும் கருவி) மாட்டிக் கொடுக்கிறவன். பழைய கேமரா அமைப்பு வேறொருவர் செய்தது. ஏன் அது உதவவில்லை என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கட்டிக் கிடந்த அந்த இரண்டு மாதத்தில் கண்டதையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அந்த இரவில் நடந்தது

படகு ஓடிக்கொண்டிருந்த வேகம் மணிக்கு 7 கடல் மைல். ஆளைக் காணோம் என்றதும் ஸ்ராங்கு (படகை நடத்துகிறவர்) என்ஜினை நிறுத்தச் சொன்னார். கூப்பிட்டுப் பார்த்து, பதில் குரல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்காக. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பத்து நிமிடம் கழித்து என்ஜினைத் திரும்பவும் ஸ்டார்ட் செய்தார்கள்.

அந்த ஸ்டார்ட்டில், கேமராப் படங்களைப் பதியும் பெட்டியான டிவிஆர் அணைந்து எழுந்தது. அதன் உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் பொத்தான் பேட்டரி எப்போதோ செத்துவிட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் நேரம் 1-1-2000, 00:00 என்றுதான் தொடங்கும். என்ஜினை நிறுத்தாமல் இருந்திருந்தால், திரையில் ஓடும் பொய் நேரத்தையும் கையிலிருக்கும் போன் நேரத்தையும் பக்கத்தில் வைத்துக் கழித்தாலே எத்தனை மணி வித்தியாசம் என்று தெரிந்திருக்கும். நிறுத்தி எழுப்பியதில் அந்த ஒரு பிடியும் போய்விட்டது.

பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்க்கக் கடவுச்சொல் கேட்டது. அது முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். அவர் கரையில், படகு போன் சிக்னல் எட்டாத தூரத்தில். இதற்கிடையில் ஒரு தம்பி, "மூணு மணிக்கு நான் பாத்தேன், பீடி குடிச்சிட்டு நின்னாரு" என்றான். பொய் சொல்லவில்லை, தூக்கக் கலக்கத்தில் முந்தின இரவை நினைத்துச் சொல்லியிருக்கிறான். அந்த வார்த்தையை நம்பிக் கடைசி 9 கடல் மைலுக்குள்ளேயே சுற்றித் தேடினார்கள். ஆறு மணிவாக்கில் யாரோ படகின் பதிவு எண்ணைக் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்க்க, பெட்டி திறந்தது.

திறந்தால், 1-1-2000 என்ற ஒரே தேதிக்குள் பல பயணங்களின் பல இரவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதே ஆள் அமரத்துக்குப் போகிற காட்சியே மூன்று இருந்தது. பிளாஸ்டிக் கூடைகள் அடுக்கியிருந்த விதத்தை வைத்து எது அந்த இரவு என்று கண்டுபிடித்தார்கள். காட்சியில் நேரம் 02:47. எதிலிருந்து 2 மணி 47 நிமிடம்? வலையெடுப்பு முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஓட ஆரம்பிக்க என்ஜினை ஸ்டார்ட் செய்ததிலிருந்து. அது எத்தனை மணிக்கு? ஸ்ராங்கு பத்து என்றார், என்ஜின் டிரைவர் பத்தரை என்றார், சமைக்கிறவர் பதினொன்று என்றார். ஒரு மணி நேரக் குழப்பம் என்றால் 7 கடல் மைல் குழப்பம். தண்ணீருக்கு மேல் தெரியும் ஒரு தலையை 7 கடல் மைலில் எங்கே என்று தேடுவது?

இடத்தைக் கண்டுபிடிக்க வழி இருந்தது என்பது பிறகு, கரையில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குப் புரிந்தது. ஸ்டார்ட் செய்த மணி தேவையே இல்லை. ஸ்டார்ட் செய்த இடமும் அங்கிருந்து ஓடிவந்த வழியும் ஜிபிஎஸ் திரையில் கோடாக இருந்தன. அந்த இடத்திலிருந்து 2 மணி 47 நிமிடம், 7 கடல் மைல் வேகம்: சுமார் 19.5 கடல் மைல். கோட்டின் மேல் அங்கே விரல் வைத்திருக்கலாம். இந்தக் கணக்கை நான் ஃபேன் காற்றில், டீ குடித்துக்கொண்டு போட்டேன். கூடப் படுத்தவன் கடலில் கிடக்கும்போது, விடிவதற்கு முன்னால், மிச்சமிருந்த பதினொரு பேரில் ஒருவரிடமும் இந்தக் கணக்கை எதிர்பார்க்கக் கூடாது. கணக்குப் போடவேண்டிய தேவையே இல்லாமல் இடத்தைச் சொல்லும் அமைப்பு வேண்டும். இந்த வேலை முழுக்க நான் மனதில் வைத்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

பழைய அமைப்பைப் பிரித்தபோது

மேலே பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கேமராக்கள் தண்ணீர் புகாதவை, படமும் பகலில் தெளிவு. கோளாறு முழுக்க மின்சாரத்தில்.

படகில் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தது. கேமராவுக்கும் டிவிஆருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்பதால், கீழ்ப் பேட்டரியில் மட்டும் இரண்டு கம்பி போட்டு எடுத்திருந்தார்கள். நம் கடற்கரையில் பாதிப் படகுகளில் இதைப் பார்க்கிறேன். சுலபமாகத் தெரியும், செய்யவே கூடாத வேலை. ஒரு பேட்டரி மட்டும் இரவு பகலாக வடியும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் செய்யும், அதற்கு இந்த வித்தியாசம் தெரியாது. கீழ்ப் பேட்டரி எப்போதும் பசியில், மேல் பேட்டரி எப்போதும் கொதித்துத் தண்ணீர் வற்றியபடி. மீட்டர் வைத்தபோது ஒன்று 11.8, மற்றது 12.9. என்ஜின் ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு விநாடியில் கீழ்ப் பேட்டரி 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. டிவிஆர் அணைந்ததற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது கேபிள். கடைகளில் சுவர்க் கேமராவுக்குக் கொடுக்கும் 3 பிளஸ் 1 கேபிளை, படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸிலிருந்து அமரம் வரை 18 மீட்டர் இழுத்திருந்தார்கள். அதில் மின்சாரம் போகும் இழை மிக மெலிசு, 0.2 சதுர மில்லிமீட்டர் இருக்கும். போகவர 36 மீட்டர், தடை சுமார் 3 ஓம். பகலில் கேமரா இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். இருட்டியதும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பித்து 0.4 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அமரத்தில் நான் அளந்தது 10.7. அதனால் படம் விட்டுவிட்டு வரும், அதுவும் இரவில் மட்டும். முதலாளி கரையில் பகலில் சோதித்தபோதெல்லாம் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

இணைப்புகளைக் கறுப்பு டேப் சுற்றி விட்டிருந்தார்கள். பிரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகக் கையில் கொட்டியது. டேப் உப்பு நீரைத் தடுக்காது. உள்ளே போனதை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். பதிவு வட்டு சுழலும் வகை. ஆறு சிலிண்டர் என்ஜின் நடுக்கத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? பதிவுகளுக்கு நடுவே ஓட்டைகள் இருந்தன.

யாருக்கான கேமரா

புதிதாக எதையும் மாட்டுவதற்கு முன் ஸ்ராங்கையும் முதலாளியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். மூன்று மணி நேரம் ஆனது. முழு வேலையிலும் கடினமான பகுதி அதுதான்.

முதலாளி முதலில் கேமரா வைத்தது மீன் கணக்குக்காக. ஐஸ் ரூம் வாயில், டெக், வீல் ஹவுஸ் உள்ளே, அமரம். முப்பது நாற்பது நாள் கண்ணில் படாமல் ஓடும் படகில் கோடிக்குப் பக்கத்தில் முதல் போட்டவருக்கு அந்தப் பயம் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோக்கத்தால்தான் கடவுச்சொல் கரையிலேயே இருந்துவிட்டது. தங்கள் தலைக்கு மேல் தொங்கும் பொருளைத் தாங்களே திறக்க முடியாத நிலை படகுக்காரர்களுக்கு.

ஸ்ராங்கு சொன்னது வேறு. "அண்ணே, அமரத்துல எதுக்குப் போறோம்னு உங்களுக்குத் தெரியும். கேமரா அங்கயே பாத்துட்டு இருந்தா எவனும் உக்கார மாட்டான். இருட்டுல அணியத்துப் பக்கம் போவான். அங்க ஓட்டத்துல விழுந்தா படகு அவன் மேலயே ஏறிப் போவும்."

இந்தப் படகில் கழிப்பறை கிடையாது. இரவில் ஒதுங்குவதற்கு அமரத்தின் ஓரம்தான். கடலில் தனியாக விழுகிறவர்களில் பலர் விழுவது இந்த நேரத்தில்தான் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும், சபையில் சொல்லக் கூச்சப்படுவார்கள். அன்று விழுந்தவரும் அப்படித்தான் விழுந்தார்.

ஸ்ராங்கு சொன்னதிலேயே வழியும் இருந்தது. அமரத்தைப் பார்க்க வேண்டாம், அமரத்துக்குப் போகும் வழியைப் பார்த்தால் போதும். வீல் ஹவுஸின் இடப்பக்கச் சுவரை ஒட்டி ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய இடைவழி இருக்கிறது. வலப்பக்கம் வலைக் குவியல், வழியில்லை. இடைவழியில் ஒரு கேமரா வைத்தால், போகிறவர் முதுகு தெரியும், வருகிறவர் முகம் தெரியும். போனவர் வரவில்லை என்றால் எத்தனை மணிக்குப் போனார் என்று இருக்கும். அதற்கு அப்பால் அவர் என்ன செய்கிறார் என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.

கோணம் சரிசெய்த இரவு மறக்காது. தடைக்காலம், படகு கட்டிக் கிடக்கிறது. விழுந்தவரே வந்தார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, "நான் நடக்கேன், நீங்க பாருங்க" என்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்று போனது போலவே இடைவழியில் நடந்தார். நான் திரையில் பார்த்தேன், தோளுக்கு மேல் தெரியவில்லை. கேமராவை ஒரு சாண் உயர்த்தினேன். மறுபடி நடந்தார். ஐந்தாவது தடவையில் முகம் முழுதாக விழுந்தது. அவர் வீல் ஹவுஸுக்குள் வந்து திரையில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அமரத்தில் இடுப்பளவு உயரத்துக்குக் குழாய்க் கம்பி பற்றவைத்தோம். முழு கேமரா செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆள் விழாமல் தடுப்பது அந்தக் கம்பி. யாராவது என்னிடம் கேமரா வேண்டும் என்று வந்தால், கம்பி இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன்.

பேருந்துப் பெட்டி

டிவிஆருக்குப் பதிலாகப் பேருந்து, லாரிகளில் பொருத்தும் மொபைல் டிவிஆர் வாங்கினேன். வண்டிக்குச் செய்தது படகுக்கு அப்படியே பொருந்துகிறது. 8 முதல் 36 வோல்ட் வரை எதையும் ஏற்கும், எனவே 24 வோல்ட்டை முழுதாகவே கொடுக்கலாம்; ஸ்டார்ட்டில் 17-க்குச் சரிந்தாலும் அணையாது. இணைப்புகள் திருகிப் பூட்டும் வகை. பதிவு, சுழலாத எஸ்எஸ்டி வட்டில். கேமராக்களுக்கான 12 வோல்ட்டை அதுவே சீராக்கிக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜிபிஎஸ் உண்டு. நேரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்துக்கொள்ளும். அணைந்து எழுந்தாலும் வானம் தெரிந்த சில நிமிடத்தில் தானே திருத்திக்கொள்ளும். படத்தின் மேலேயே நேரம், வேகம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எழுதப்படும். போனவர் முதுகு தெரியும் அந்தப் படத்திலேயே படகு நின்ற இடமும் இருக்கும்.

இதில் ஒரு சின்னப் பொறி. ஜிபிஎஸ் தருவது உலகப் பொது நேரம். நாம் 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். பல பெட்டிகள் சீன நேரமான 8 மணிக்கு வைத்தே வருகின்றன. மாற்ற மறந்தால் திரை இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். மாட்டிய அன்றே படகின் ஜிபிஎஸ் நேரத்தோடு விநாடி வரை ஒப்பிட்டுப் பார்த்தேன். வீல் ஹவுஸ் இரும்பு என்பதால் ஜிபிஎஸ் ஆன்டெனாவைக் கூரைக்கு மேல் கொண்டுபோனேன்.

கேபிளுக்கு 1 சதுர மில்லிமீட்டர் வெள்ளீயம் பூசிய செம்பு. அதே தூரத்தில் இழப்பு கால் வோல்ட்தான். இணைப்பில் சிலிக்கான் கிரீஸ், அதற்கு மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கேமராவுக்குள் நுழைவதற்கு முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டேன், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பதிவு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதில் முதலாளியோடு ஒரு வாக்குவாதம். விநாடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 10.8 ஜிபி, நாலுக்கு 43. ஆள் தேட ஒரு நாள் பதிவே அதிகம். அவர் முழுப் பயணமும் கேட்டார். கடைசியில் 1 டெராபைட், 23 நாள் என்று முடிந்தது.

மற்ற மூன்று கண்கள்

என்ஜின் ரூமில் ஒன்று. என்னைக் கேட்டால் எந்தப் படகிலும் இடைவழிக்கு அடுத்து இதுதான். விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தை அடைக்கும் கிளாண்டில் கசிவு கூடினால் என்ஜினுக்கு அடியில் தண்ணீர் ஏறும், யாராவது இறங்கிப் பார்க்கும்வரை தெரியாது. கேமராவில் தண்ணீர் தெரியும், எவ்வளவு என்று தெரியாது, எல்லாம் ஒரே கறுப்பு. அதனால் எதிரே இருந்த இரும்பு வாரியில் ஒரு சாணுக்கு வெள்ளைக் கோடும் அதற்கு மேல் சிவப்புக் கோடும் அடித்தேன். வெள்ளை மறைந்தால் பம்பைப் போடு, சிவப்பு மறைந்தால் எல்லோரையும் எழுப்பு. பெரும்பாலான கேமராக்கள் தாங்கும் சூட்டுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதனால் என்ஜினுக்கு மேலே வைக்காமல், காற்று உள்ளே வரும் வாயிலுக்குப் பக்கத்தில், தாழ்வாக வைத்தேன். எண்ணெய்ப் புகையில் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டால் படம் பாலாகிவிடும். அதை அணைத்து, தனியாக ஒரு சிறு விளக்கு.

வலை இழுக்கும் வின்ச்சுக்கு ஒன்று, ஐஸ் ரூம் வாயிலுக்கு ஒன்று. பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. வீல் ஹவுஸ் உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டோம், ஸ்ராங்கு தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அது.

முன்பக்கம் கப்பல் பார்க்க ஒன்று வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து போன ஓஷியானிக் படகில் கப்பல் மோதியதிலிருந்து எங்கள் கரையில் அந்தப் பயம் போகவில்லை. நான் மறுத்தேன். அகலமான லென்ஸில் பக்கத்துக் கப்பலும் தூரத்துப் புள்ளியாகத் தெரியும். திரையைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்கள். முன்னால் பார்க்க மனிதக் கண்தான் வேண்டும், அது தூங்காமல் இருக்க வேண்டும்.

மாட்டியபின் சோதித்தவை

7 அங்குலத் திரையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோது ஊசி 4 டிகிரி விலகியது. திரையை ஒரு மீட்டர் தள்ளியதும் அந்த விலகல் நின்றுவிட்டது. இரவில் அந்தத் திரையின் வெளிச்சமே ஸ்ராங்கின் கண்ணைக் கெடுக்கும். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, மேலே கறுப்புப் படலமும் ஒட்டினேன்.

வயர்லெஸ் இன்னும் முக்கியம். மலிவான மின்னழுத்த மாற்றிகளும் எல்இடி விளக்குகளும் விஎச்எஃப் வயர்லெஸில் இரைச்சல் போடும், தூரத்துக் குரல் அதில் அமுங்கிவிடும். எல்இடி விளக்குகளால் இப்படி ஆகிறது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரிக்கையே விட்டது. சோதனை எளிது. அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் வைத்து, இரைச்சல் அடங்கும் புள்ளி வரை ஸ்குவெல்ச் குமிழைத் திருகி நிறுத்தி, கேமராக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வின்ச் கேமரா போட்டதும் ரேடியோ இரையத் தொடங்கியது. அதன் கேபிள் ஆன்டெனாக் கம்பத்தோடு சேர்ந்து போயிருந்தது. வேறு வழியில் இழுத்து, இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டியதும் அடங்கியது. அன்று அவரைத் தூக்கிய படகைத் தேடிவர வைத்தது வயர்லெஸ். கேமரா அதன் குரலை அடைத்துவிடக் கூடாது.

கடவுச்சொல்லை ஸ்ராங்குக்கும் என்ஜின் டிரைவருக்கும் கொடுத்தோம். பார்க்க முடியும், அழிக்க முடியாது. அழிக்கும் உரிமை முதலாளியிடம். இரு தரப்பும் இதை ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலைக் கடைசியில் ஓர் ஒத்திகை. "ஆளைக் காணோம்" என்று கத்தியதும் ஒருவர் என்ஜின் வேகத்தைக் குறைக்க, ஒருவர் வயர்லெஸைப் பிடிக்க, இன்னொருவர் இடைவழிப் பதிவைப் பின்னால் ஓட்ட வேண்டும். முதல் தடவை இடத்தை வாசிக்க ஒன்பது நிமிடம் ஆனது. நாலாவது தடவை இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

ஆகஸ்டில் போன முதல் பயணம் 34 நாள். வந்ததும் பெட்டியைத் திறந்தேன், அதில் நின்ற கடைசி 23 நாள் பதிவில் ஒரு நிமிடம்கூட விடுபடவில்லை, நேரமும் தவறவில்லை. குறை ஒன்று மிச்சம்: உப்பு. பத்து நாளில் இடைவழிக் கேமராவின் கண்ணாடியில் உப்புப் பூத்து, இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பி, ஆட்கள் நிழலாகத் தெரிந்திருக்கிறார்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். குடிதண்ணீரை எண்ணிக் குடிக்கும் படகில் அந்தக் குவளைக்கும் கணக்கு உண்டு. வெளிச்சத்தைக் கேமராவிலிருந்து பிரித்து, இடைவழியின் மறுமுனையில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். படகு அடுத்து கரைக்கு வரும்போது அந்த வேலை.